15 வருஷம் தாண்டிய ரோட்டாக்ஸ் இன்ஜினோடு பழைய ஃபால்கெ: வாங்கினால் இன்ஜினைக் கட்டாயம் மாற்றணுமா?

நெக்கர்க்கரை:

வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் பறக்கிறேன், லைசென்ஸ் கிடைத்து நாலு வருஷம் ஆகிறது. கிளப்பில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பழைய மோட்டார் கிளைடர் வாங்கலாம் என்று பேச்சு. கண்ணில் பட்டது ஒரு ஷைபெ எஸ்எஃப்-25சி, ரோட்டாக்ஸ் 912 போட்ட ஃபால்கெ. துணியும் பெயின்டும் நன்றாக இருக்கின்றன, ஹேங்கரிலேயே வளர்ந்த பிள்ளை, விலையும் எங்கள் மூன்று பேர் கைக்கு எட்டுகிற தூரம்தான்.

சிக்கல் இன்ஜினில். ஓடியது 940 மணி நேரம், ஆனால் வயது 24 வருஷம். ரோட்டாக்ஸ் புத்தகத்தில் ஓவர்ஹாலுக்கு, அதாவது இன்ஜினை முழுசாகப் பிரித்துச் செப்பனிட, 2000 மணி அல்லது 15 வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கிறது. மணிக்கணக்கில் பாதி கூட ஆகவில்லை, வருஷக்கணக்கில் எப்போதோ முடிந்துவிட்டது. விற்பவரைக் கேட்டால் "ஆன் கண்டிஷனில் பறக்கிறோம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சிரிக்கிறார், அதாவது கெடுவைப் பார்க்காமல் இன்ஜினின் நிலையைப் பார்த்து ஓட்டுகிறாராம். எங்கள் கிளப் பெரியவர் ஒருவரோ "புது இன்ஜின் விலையைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு" என்கிறார். புது இன்ஜின் என்றால் அவர் கேட்கும் தொகையில் பாதிக்கு மேல் போய்விடும்.

சட்டப்படி மாற்றியே ஆகணுமா? யாராவது நிஜமாகவே இந்த வழியில் போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆல்ப்ஸ்அலை:

தம்பி, நான் சுவிஸில் இருக்கிறேன், இங்கேயும் இயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) விதிதான், ஆகவே உங்களுக்குச் சொல்லுறது எனக்கும் பொருந்தும். சுருக்கமாகச் சொன்னால், தனியார் பாவனைக்கு வைத்திருக்கிற இந்த அளவு விமானத்துக்கு டிபிஓ, அதாவது ஓவர்ஹாலுக்கான இந்த மணி, வருஷக் கெடு, தயாரிப்பாளர் தருகிற பரிந்துரை, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் பார்ட்-எம்எல் என்கிற சின்ன விமானப் பராமரிப்பு விதி நடைமுறைக்கு வந்த பிறகு இது இன்னும் தெளிவு. அதற்கு முதலே 2015 இல் சின்ன விமானங்களுக்கு, 1200 கிலோவுக்குள் அடங்கியவற்றுக்கு, சொந்தக்காரரே பராமரிப்புத் திட்டத்தைக் கையொப்பமிட்டு அறிவிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஃபால்கெ அதற்குள்ளே வடிவாக அடங்கும்.

அந்தத் திட்டத்தில் நீங்கள் "எஞ்சின் டிபிஓ தாண்டி நிலை பார்த்து ஓட்டப்படும்" என்று எழுதலாம். சொந்தக்காரர் அறிவித்த திட்டம் என்றால் ஏன் என்று காரணம் கூடக் காட்டத் தேவையில்லை. பொறுப்பு மட்டும் முழுக்க உங்கள் தலையில்.

பழையமெக்கானிக்:

ஆல்ப்ஸ் அண்ணை சொன்னது சரி, ஆனால் பாதி. எது பரிந்துரை, எது கட்டளை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் டிபிஓ "கட்டாயம் இல்லை" என்று கிளம்பினால் பணம் போகும்.

கட்டளை என்பது இரண்டு இடத்தில்தான் இருக்கும். ஒன்று, விமானத்தின், இன்ஜினின், புரொப்பெல்லரின் புத்தகங்களில் தகுதி வரம்புகள் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். அதில் எழுதிய எண்ணைத் தொட யாருக்கும் உரிமை இல்லை, சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. இரண்டு, விமானத் துறை அதிகாரிகள் போடுகிற தகுதி ஆணை, அதாவது ஏடி. ஏடி வந்தால் அதோடு சரி. மற்றபடி தயாரிப்பாளரின் சேவை அறிவிப்பின் தலையில் சிவப்பாக "கட்டாயம்" என்று அச்சடித்திருந்தாலும் அது அவர்கள் மொழி. ஏடியாகவோ வரம்புப் பகுதியாகவோ வராத வரை உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

முதல் வேலையாக மூன்று புத்தகத்தையும் விரித்து அந்தப் பகுதியைப் படியுங்கள். மூன்று பக்கம்தான், அரை மணி நேரம்.

நிஜ வரம்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை. பிளானிக் எல்-13 உங்களுக்குத் தெரிந்திருக்கும், உலகம் முழுக்கப் பள்ளிக் கிளைடர். அதற்கு 3750 மணி நேரம் என்று உடலுக்கே ஒரு ஆயுள் உண்டு. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒன்றுக்கு சிறகின் முக்கியத் தண்டு களைப்பில் உடைந்துவிட்டது, ஏடி வந்தது, கிளப் கிளப்பாக ஹேங்கரில் முடங்கின. அங்கே யாரும் "ஆன் கண்டிஷன்" என்று பேசவில்லை. உங்கள் இன்ஜின் விவகாரம் அந்த ரகம் இல்லை, அதனால்தான் பேரம் பேச இடம் இருக்கிறது.

சும்மாபடிப்பவன்:

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். மணி ஒரு கணக்கு, வருஷம் ஒரு கணக்கு என்று ஏன் இரண்டு? ஓடாமல் கிடந்த இன்ஜின் புதுசு மாதிரிதானே?

பழையமெக்கானிக்:

இல்லை, தம்பி. ஓடாமல் கிடப்பதுதான் மோட்டார் கிளைடருக்கு வியாதி. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஏறி, இன்ஜினை நிறுத்தி, ஒரு மணி நேரம் காற்றில் சுற்றி, திரும்ப இறங்கும். அதுவும் கோடையில் மட்டும். விமானத்தின் பறந்த நேரம் ஒரு கணக்கு, இன்ஜின் ஓடிய நேரம் இன்னொரு கணக்கு. லாக் புத்தகத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஆளின் பழக்கமே தெரியும். வருஷம் 40 மணி ஓடின இன்ஜினை நான் நம்புவேன். வருஷம் 8 மணி ஓடினதை, அதுவும் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் சூடாவதற்குள் நிறுத்தினதை, தள்ளி நின்று பார்ப்பேன். எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாக வெளியேற நேரமே கிடைக்காது. அது உள்ளேயே நின்று அரிக்கும், குறிப்பாக வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டை.

பியர்ஃப்ளை:

பழையமெக்கானிக் அண்ணா, மன்னிக்கணும், கேம்ஷாஃப்ட் விஷயத்தில் ஒரு திருத்தம். நான் ஒரு சின்ன பட்டறையில் வேலை பார்க்கிறவள். அந்தக் கேம்ஷாஃப்ட் துரு கதை லைகமிங் இன்ஜின் கதை, அதில் கேம் கிராங்க்குக்கு மேலே இருக்கிறது, எண்ணெய் எல்லாம் வழிந்து இறங்கிவிடும், அதனால் காய்ந்து துருப்பிடிக்கும். லிம்பாக் ஃபோக்ஸ்வாகன் வழியில் வந்த இன்ஜின், கேம் கீழே, எண்ணெய்ப் பக்கத்திலேயே இருக்கும். ரோட்டாக்ஸ் 912இல் சிலிண்டரே அலுமினியம், உள்சுவரில் நிக்கசில் பூச்சு, பழைய இரும்பு சிலிண்டர் மாதிரி உள்ளே துருத்தூள் கொட்டாது. ஆகவே 24 வருஷம் என்றவுடன் இரும்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ரப்பரைப் பற்றி.

ஹோஸ், கார்புரேட்டர் ஃபிளாஞ்ச், டயாஃப்ரம், எரிபொருள் பம்ப், குளிர்நீர் குழாய்கள். ரோட்டாக்ஸ் இவற்றையெல்லாம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. இதையும் சொந்தக்காரர் திட்டத்தில் விலக்கி எழுதிவிடலாம்தான், சட்டம் தடுக்காது. ஆனால் அப்படி எழுதின ஒருவர் விமானத்தைப் பார்த்தால் நான் ஏற மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன். டிபிஓவைத் தாண்டுவது ஒன்று, 12 வருஷ ஹோஸோடு பறப்பது வேறொன்று.

நெக்கர்க்கரை:

அக்கா, ரொம்ப நன்றி. விற்பவர் ஐந்து வருஷ ரப்பர் வேலை முடிந்துவிட்டது என்றுதான் சொல்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பியர்ஃப்ளை:

பேப்பரை மட்டும் நம்பாதீர்கள், கவரைக் கழற்றுங்கள். ஹோஸ் பலவற்றில் உற்பத்தித் தேதி அச்சிட்டிருக்கும், தீத்தடுப்பு உறைக்குள்ளே போனது என்றால் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். பில் இருக்கிறதா, பில்லில் இருக்கும் தேதியும் ஹோஸில் இருக்கும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லாக்கில் வேலையைச் செய்தவர் கையெழுத்து இருக்கணும்.

அப்புறம் கார்புரேட்டர் மிதவைகள். ஒரு கார்புரேட்டரில் இருக்கும் இரண்டையும் சேர்த்து 7 கிராமுக்கு மேல் எடை இருந்தால் பெட்ரோல் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றணும். தங்கம் நிறுக்கிற சின்ன தராசு போதும், இருபது யூரோவில் கிடைக்கும், கொண்டு போங்கள். எண்ணெய் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் பாருங்கள். காந்தச் செருகியைக் கழற்றி மெலிதான முடி மாதிரி இழை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் கருப்புப் பசை சாதாரணம், பளபளக்கும் துண்டு சாதாரணம் இல்லை. எந்த எரிபொருள் ஊற்றினார் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஏவ்காஸ் (விமானப் பெட்ரோல்) என்றால், அதில் ஈயம் உண்டு, எண்ணெய் மாற்றும் இடைவெளி பாதியாகக் குறைய வேண்டும், குறைத்தாரா என்று லாக்கில் தேடுங்கள்.

ஹேங்கர்வாசி:

ஒரு சின்ன கேள்வி எல்லோருக்கும். 2000 மணி, 15 வருஷம் என்று சொல்கிறோமே, அது எல்லா 912க்கும் பொருந்தாது. வரிசை எண்ணைப் பாருங்கள். 2009 கடைசியில்தான் 2000 ஆக உயர்த்தினார்கள், அதுவும் குறிப்பிட்ட வரிசை எண்களுக்குப் பின். அதற்கு முந்தையவற்றுக்கு 1200, 1500 என்று இருந்தன, சில பாகங்களை மாற்றினால் நீட்டிப்பு கிடைக்கும் என்பதும் உண்டு. 24 வருஷ இன்ஜின் என்றால் பழைய எண்தான். அதாவது விளம்பரத்தில் "இன்னும் 1060 மணி மிச்சம்" என்று போட்டிருந்தால் அது கற்பனை.

நெக்கர்க்கரை:

அப்படியேதான் போட்டிருக்கிறார். "மிச்சம் 1060 மணி" என்று. இதைப் பிடித்துப் பேசலாம் போல.

ஆல்ப்ஸ்அலை:

பேசலாம் தம்பி, ஆனால் அவர் பொய் சொல்லுறார் என்று எடுக்காதேங்கோ, பலருக்கு உண்மையிலேயே தெரியாது. நான் எடுத்த விமானத்தை வித்தவரும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. அவருடைய ஆன் கண்டிஷன் அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் உள்ளது, விமானத்தோடு தானாக உங்களுக்கு வராது. சொந்தக்காரர் மாறியதும் திட்டத்தை உங்கள் பெயரில், உங்கள் கையொப்பத்தோடு, புதிதாக அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருஷா வருஷம் தகுதிப் பரிசோதனைச் சான்று புதுப்பிக்கிற நேரம் அதையும் திரும்பப் பார்ப்பார்கள். குறைந்தபட்ச பரிசோதனைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, சுற்றுப்பயண மோட்டார் கிளைடருக்கு 100 மணி அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகுதோ அது. அதற்குக் கீழே இறங்க முடியாது. எது எதை நீட்டலாம், எதை நீட்டக்கூடாது என்று உங்கள் பரிசோதகரை வாங்க முதலே கூப்பிட்டு ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ, வாங்கின பிறகு அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றால் தலைவலி.

பறக்கும்பள்ளி:

பயிற்சிக்கு வாடகைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கதை மாறும். வணிகமாக நடத்தும் பள்ளி என்றால் பராமரிப்பை சிஏஎம்ஓ அல்லது சிஏஓ என்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனம் நிர்வகிக்கணும், திட்டத்தையும் அவர்கள்தான் ஒப்புக்கொள்வார்கள், காரணம் கேட்பார்கள். உறுப்பினர்கள் சும்மா பறப்பதற்கு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை.

எல்எஸ்ரசிகன்:

இங்கே யாரும் பேசாத ஒன்று. டிபிஓ தாண்டின இன்ஜின் என்றாலே கழற்றி ஓவர்ஹால் பண்ணினால் நிம்மதி என்று நினைப்பது ஒரு பழக்கம். நான் அப்படி நினைத்தேன், எங்கள் கிளப்பில் புதிதாக ஓவர்ஹால் ஆகி வந்த இன்ஜின் முதல் 20 மணியில் எண்ணெய் சிந்தி வயலில் இறங்கியது, பட்டறை யாரென்று சொல்லப்போவதில்லை, சிலிண்டர் அடியில் ஒரு வளையம் சரியாக உட்காரவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பிரித்து மாட்டினால் புதுத் தவறுகள் நுழையும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோரப் படையின் லிபரேட்டர் விமானங்களை ஆராய்ந்த வாடிங்டன் என்ற உயிரியலாளர் இதைத்தான் கண்டார். 50 மணிக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனை முடிந்த உடனே எதிர்பாராத பழுது ஏறுகிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. அதாவது கையை வைப்பதே கொஞ்சம் ஆபத்து.

பியர்ஃப்ளை:

கிளப் வயல் கதையை நான் மறுக்கவில்லை. எங்கள் பட்டறையில் வருகிற ஓவர்ஹால்களில் சில அப்படித்தான். ஆனால் அதை வைத்து "ஓவர்ஹாலே வேண்டாம்" என்று முடிவு எடுக்காதீர்கள். கம்ப்ரஷன் பார்க்கிறீர்கள், 6 பார் அழுத்தம் கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று எழுதி வைக்கிறீர்கள், எண்ணெய் செலவு எழுதி வைக்கிறீர்கள், கியர்பாக்ஸின் உராய்வு முறுக்குவிசை பார்க்கிறீர்கள். எண்ணிக்கை வருஷா வருஷம் அப்படியே நின்றால் ஓட்டலாம். ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கத் தொடங்கினால் பேச்சே இல்லை. ஆன் கண்டிஷன் என்றால் கண்டிஷனைப் பார்க்கணும். முந்தினவர் ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை என்றால் அது ஆன் கண்டிஷன் இல்லை, ஆன் நம்பிக்கை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லாக்கில் ஓவர்ஹால் என்று எழுதியிருந்தால் எந்த ஓவர்ஹால் என்று பாருங்கள். ஜெர்மன் புத்தகங்களில் டைல்யூபர்ஹோலுங் என்று இருந்தால் பாதி வேலை, சிலிண்டர் மட்டும் மாற்றியிருப்பார்கள், கணக்கு பூஜ்யத்துக்கு வராது. குருண்ட்யூபர்ஹோலுங் என்றால்தான் முழுசு. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவார்கள். புரொப்பெல்லர் மாறியிருந்தால் ஏன் மாறியது என்றும் கேளுங்கள். ஃபால்கெயின் மூக்கு தாழ்ந்தால் புரொப்பெல்லர் தரையைத் தொடும், அப்போது இன்ஜினையும் பார்க்கணும், பார்த்தார்களா என்பது லாக்கில் இருக்கணும்.

சும்மாபடிப்பவன்:

"ஆன் நம்பிக்கை" 😂 எங்க வீட்டு ஸ்கூட்டர் இருபது வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

பழையமெக்கானிக்:

ஸ்கூட்டர் நின்றால் தள்ளலாம் தம்பி.

விலை பற்றி ஒரு வார்த்தை. கிளப் பெரியவர் சொன்னது போலப் புது இன்ஜின் விலை முழுவதையும் கழிக்கச் சொன்னால் விற்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் நியாயம் இருக்கிறது, இன்ஜின் ஓடுகிறதே. நான் வாங்குவதாக இருந்தால் கணக்கை இப்படிப் போடுவேன்: இந்த இன்ஜின் இன்றைக்கு மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொள்வேன், விமானத்தின் உடல் எவ்வளவு பெறும் என்று மட்டும் பார்ப்பேன், அது ஓடுகிற ஒவ்வொரு வருஷமும் எனக்கு லாபம். அத்தோடு மூன்று பேரும் மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். இன்ஜின் நாளைக்கே போனாலும் சண்டை வராது. சேர்ந்து வாங்கிய விமானத்தைப் பங்காளிச் சண்டையில் விற்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நெக்கர்க்கரை:

போய் வந்துவிட்டேன். சனிக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பினோம், நான், ஒரு பங்காளி, எங்கள் பரிசோதகர்.

வரம்புப் பகுதிகளைப் படித்தோம், மூன்று புத்தகத்திலும் எங்களைத் தடுக்கிற எதுவும் இல்லை. வரிசை எண் பழையதுதான், 1060 மணி மிச்சம் என்பது கற்பனைதான், அவருக்கே தெரியாது, முகம் சிவந்துவிட்டது. கவரைக் கழற்றி எண்ணெய் ஹோஸின் உறையை விலக்கிப் பார்த்தால் தேதி 11 வருஷத்துக்கு முந்தையது. "மாற்றியாச்சு" என்றவர், அது கார்புரேட்டர் ஃபிளாஞ்சை மட்டும் என்று பிறகு சொன்னார். மிதவைகளை நிறுத்தோம். ஒரு பக்கம் 6.2, மறுபக்கம் 7.4. தராசை எடுத்து வந்ததைப் பார்த்து அவர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

ஆனால் கம்ப்ரஷன் நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒட்டி நின்றது. ஃபில்டரில் ஒன்றும் இல்லை, காந்தத்தில் பசை மட்டும். எண்ணெய் செலவை அவர் மனைவி சின்ன நோட்டில் 2009 முதல் எழுதி வைத்திருக்கிறார், ஒவ்வொரு பறப்புக்கும், பென்சிலில். ஆன் நம்பிக்கை இல்லை அக்கா, அந்த நோட்டு இல்லாவிட்டால் நாங்கள் அன்றே திரும்பியிருப்போம்.

பரிசோதகர் சொன்னது: ரப்பர் முழுக்க முதல் நாளே மாற்றணும், மிதவைகள் மாற்றணும், கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்கணும், முதல் இரண்டு வருஷம் கம்ப்ரஷன் 50 மணிக்கு ஒருமுறை. இப்படி எழுதினால் எங்கள் திட்டத்தில் அவரும் உடன்படுவாராம். எல்லாவற்றையும் கூட்டி விலையில் கழித்துச் சொன்னோம். அவர் ஒரு வாரம் யோசிக்கிறேன் என்றார்.

ஆல்ப்ஸ்அலை:

நோட்டையும் சேர்த்து வாங்குங்கோ தம்பி.

நெக்கர்க்கரை:

கேட்டேன் அண்ணை. ஒரிஜினலைக் கொடுக்க மாட்டாராம், போட்டோகாப்பி எடுத்துத் தருகிறாராம். இப்போது அவர் திங்கள்கிழமை போன் பண்ணுகிறேன் என்று சொன்னார், பங்காளிகள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது வரைக்கும் ஹோஸ் விலை கேட்டு இரண்டு இடத்துக்கு மெயில் போட்டிருக்கிறேன்.